பெட்டிக்கும் பிறேக் வேண்டும்

உழவு இயந்திரம் வாங்கப் போகிறவர் எஞ்சினை இயக்கிச் சத்தம் கேட்கிறார். கியர்களைப் போட்டுப் பார்க்கிறார். ரயர் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார். பெட்டியின் பலகையைக்கூடத் தட்டிப் பார்க்கிறார். பெட்டியின் பிறேக்கை மிதித்துப் பார்ப்பவர் எத்தனை பேர்?

லான்ட்மாஸ்டர் என்று நாம் அழைக்கும் இரு சில்லு உழவு இயந்திரம் எமது கிராமங்களில் உழுவதோடு நின்றுவிடுவதில்லை. லொறியும் அதுதான், பஸ்ஸும் அதுதான். 20 மூடை நெல் ஏற்றினால் பெட்டியின் பாரம் ஒரு தொன்னைத் தாண்டிவிடும். முன்னால் இழுக்கும் இயந்திரமோ அதில் பாதி நிறைகூட இல்லை. இந்த நிலையில் இயந்திரத்தை மட்டும் மறித்தால் பெட்டி நிற்காது. பின்னாலிருந்து தள்ளும், கொளுவியில் மடிந்து ஒரு பக்கமாகச் சரியும்.

குளக்கட்டால் இறங்கும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. சமதரையில் இடக்கைப் பக்கத்து லீவரை அழுத்தினால் இடச் சில்லு எஞ்சினிலிருந்து விடுபடும். வலச் சில்லு தள்ள, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் இது தலைகீழாகிறது. அங்கே எஞ்சின் சில்லுகளைத் தடுத்துப் பிடித்தபடி இருக்கிறது. விடுபட்ட இடச் சில்லு தடையின்றி ஓடும், வலச் சில்லு பின்தங்கும், இயந்திரம் வலப்பக்கம் பாயும். பழகிய சாரதிகள் இதை அறிவார்கள். நேற்றுப் பழகிய பையன் அறிவானா? பெட்டியின் பிறேக் நன்றாக இருந்தால், லீவரைத் தொடாமலே வேகத்தை அடக்கிக்கொண்டு இறங்கலாம்.

பிறேக் பிடிக்கவில்லை என்றால் "இன்னும் இறுக்கி மிதி" என்பதே எங்கும் கிடைக்கும் வைத்தியம். அமெரிக்காவிலும் இதே பழக்கம் உண்டு. அங்கே பெரிய பிக்கப் வாகனங்களில், பின்னால் இழுக்கும் பெட்டியின் மின்சார பிறேக்கை இயக்கும் கருவி வாகனத்தோடு சேர்ந்தே வருகிறது. ஃபோர்ட் கம்பனி தனது சுப்பர் டியூட்டி வாகனத்தில் 2005ஆம் ஆண்டு மொடலிலிருந்து இதைப் பொருத்தியது. பெட்டி சரியாக நிற்காவிட்டால் சாரதி கருவியின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார். பழுதோ பல வேளைகளில் சில்லடியில் இருக்கிறது: தளர்ந்த பிறேக் சூ, தேய்ந்த காந்தம், கறள் பிடித்த எர்த் வயர். மின்சாரம் காந்தத்தைச் சேருமுன்பே குறைந்துவிடுகிறது.

எமது பெட்டிகளில் மின்சாரம் இல்லை. மிதி, கம்பி, லீவர், ட்றம்முக்குள் இரண்டு சூ, அவ்வளவுதான். ஆகவே பழுதைக் கண்டுபிடிப்பதும் எளிது. ஆளரவமற்ற சமமான மணல் ஒழுங்கையில், ஓரளவு பாரத்தோடு, நடை வேகத்தில் போய், கிளச்சை விடுவித்து மிதியுங்கள். இரண்டு சில்லும் ஒரேயளவு இழுபட்ட தடம் விட வேண்டும். ஒன்று மட்டும் இழுபட்டால் மற்றச் சில்லில் வேலை இருக்கிறது. இரண்டும் இழுபடாமல் மிதி பலகை வரை போனால், முதலில் கம்பியின் ஊசிகளைப் பாருங்கள், ஓட்டை பெருத்திருக்கும். பிறகு சில்லை ஜக்கில் உயர்த்தி, கையால் சுற்றிக்கொண்டே கம்பியின் நட்டை இறுக்குங்கள். சூ உரசத் தொடங்கியதும், சில்லு தடையின்றிச் சுற்றும் வரை சற்றுத் தளர்த்துங்கள். மிதித்த நிலையில் கம்பியும் லீவரும் ஏறக்குறைய மூலைமட்டமாக நிற்க வேண்டும். லீவர் அதைத் தாண்டிச் சாய்ந்தால் எவ்வளவு மிதித்தாலும் பலம் போய்ச் சேராது.

ட்றம்மைக் கழற்றினால் கிறீஸ் ஊறிய லைனிங் தென்படக்கூடும். அதைப் பெற்றோலில் கழுவி மீண்டும் போடுவது வீண் வேலை. சீலை மாற்றி, இரு பக்கத்துக்கும் புதிய லைனிங் போட வேண்டும். பழைய லைனிங்கின் தூசியை வாயால் ஊதவே கூடாது, அதில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள். சேற்று வயலிலிருந்து ஏறியதும் மெதுவாக ஓடியபடி பிறேக்கை இலேசாக அழுத்தி ட்றம்மை உலர்த்துவது நல்ல பழக்கம்.

இவ்வளவும் அரை நாள் வேலை. ஆனாலும் நடப்பதில்லை. காரணம் அறியாமை மட்டுமன்று. லைனிங்குக்குப் பணம் கொடுக்க வேண்டியவர் உரிமையாளர். மூடைக்கு மேல் இருந்து வருபவர்களோ அறுவடைக்குப் போன கூலிப் பெண்களும் அவர்களின் பிள்ளைகளும். ஆபத்து ஒருவருக்கும் மிச்சம் இன்னொருவருக்கும் என்றிருக்கும்போது பழுது அப்படியே கிடக்கும். நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் சாரதி மூடையைக் குறைக்கச் சொன்னால், அடுத்த நாள் வேறொருவர் ஓட்டுவார்.

ஆகவே இதை உரிமையாளரின் மனச்சாட்சிக்கு மட்டும் விட்டுவிட முடியாது. உழவு இயந்திரத்துக்குக் கடன் கொடுக்கும் கிராமச் சங்கங்கள், பெட்டியின் பிறேக்கையும் கடன் நிபந்தனையில் சேர்க்கட்டும். பெரும்போக அறுவடைக்கு முன் ஒரு நாளைக் குறித்து, எல்லாப் பெட்டிகளையும் ஒரே ஒழுங்கையில் ஓட்டித் தடம் பார்க்கலாம். லைனிங்கைச் சங்கமே மொத்தமாக வாங்கி வைத்து, விலையை அறுவடையின் பின் நெல்லாகவே அறவிடலாம்.