சர்ட்டிபிகேட் மோகம்

கம்ப்யூட்டர் வேலைக்கு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிவிட்டால் உத்தியோகம் வீடு தேடி வந்துவிடும் என்கின்ற நம்பிக்கை நமது ஊர்களில் வெகு வேகமாய்ப் பரவி வருகின்றது. தகப்பனார் நிலத்தின் மேல் கடன் வாங்குகின்றார். தாயார் கழுத்தில் இருப்பதைக் கழற்றி அடகு வைக்கின்றார். பணத்தை எண்ணி வாங்கிக்கொள்ளும் பயிற்சிக் கூடக்காரரோ வாசலில் "வேலை நிச்சயம்" என்று பலகை மாட்டியிருக்கின்றார். என்ன வேலை, யாரிடத்தில் வேலை, எவ்வளவு சம்பளம் என்று கேட்பாரில்லை. தாயத்துக் கட்டினால் காய்ச்சல் போகும் என்று சொல்லுகின்றவனை நிறுத்திக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட நாம், இந்தப் பலகைக்காரரை மாத்திரம் ஏன் கேளாமல் விடவேண்டும்?

சர்ட்டிபிகேட்டே கூடாது என்பது நமது அபிப்பிராயமல்ல. இந்தப் பரீட்சைகளில் ஒரு பெரிய நன்மை இருக்கின்றது. ஆரம்பப் பரீட்சைகளுக்குக் காலேஜ் பட்டம் வேண்டியதில்லை. எழுதுகின்றவன் யார் பிள்ளை, எந்தத் தெரு என்று அங்கு யாரும் கேட்பதில்லை. கட்டணம் கட்டித் தேறினவனுக்குப் பத்திரம் உண்டு, அவ்வளவுதான். அன்றியும், ஒரு தரம் வாங்கியதை வைத்துக்கொண்டு சாகும்வரை பெருமை பேசவும் முடியாது. காம்ப்டியா என்னும் அமெரிக்க ஸ்தாபனம் கொடுக்கும் ஏ பிளஸ் பத்திரம் முன்பெல்லாம் ஆயுள் முழுவதும் செல்லுபடியாயிற்று. 2011 முதல் கொடுக்கப்படுபவை 3 வருஷத்திற்குத்தான் செல்லும். அதற்குள் மேலும் படித்தோ மறுபடி தேறியோ காட்டவேண்டும். யோக்கியதை என்பது பிறப்போடு வருவதல்ல, அவ்வப்போது மெய்ப்பிக்க வேண்டியது என்கின்ற நியாயம் இதில் அடங்கியிருக்கின்றது.

நிற்க, இந்தப் பரீட்சைகள் எப்படிப் படிப்படியாய் அமைந்திருக்கின்றன என்பதைப் பார்ப்போம்.

மேலே சொன்ன ஏ பிளஸ் 1993-இல் ஏற்பட்டது. இது ஆரம்பப் படி. இதற்கு இரண்டு பரீட்சைகள். முதலாவது மெஷினின் பாகங்கள், நெட்வொர்க், பழுது கண்டுபிடித்தல் இவைகளைப் பற்றியது. இரண்டாவது விண்டோஸ் முதலிய ஆப்பரேட்டிங் சிஸ்டங்களையும் பாதுகாப்பையும் பற்றியது. ஒவ்வொன்றிலும் 90 நிமிஷத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள். ஆபீசில் ஒருவருடைய கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால் போய்ச் சரிசெய்து கொடுக்கும் வேலைக்கு இந்த அறிவு போதுமானது.

அடுத்த படி, பல மெஷின்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் வேலை. இதற்குக் காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ் இருக்கின்றது. சிஸ்கோ கம்பெனி 1998-இல் ஆரம்பித்த சி.சி.என்.ஏ.வும் இருக்கின்றது. இரண்டையும் வாங்கிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டிய அவசியமில்லை. ஒன்று போதும். லினக்ஸ் பக்கம் போகின்றவர்களுக்கு ரெட் ஹாட் கம்பெனியின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. உண்டு. அதற்கு மேல் ஆர்.எச்.சி.இ. வேண்டுமானால் கீழ்ப்பத்திரம் கையில் இருந்தாக வேண்டும்.

மேல்படிகளோ வேறு விதமானவை. சிஸ்கோவின் சி.சி.ஐ.இ. பட்டத்திற்கு ஒரு பரீட்சையில் தேறியபின் 8 மணி நேரம் உட்கார்ந்து கையால் வேலை செய்து காட்டவேண்டும். பாதுகாப்புத் துறையில் பெரிதாய் மதிக்கப்படும் சி.ஐ.எஸ்.எஸ்.பி.க்கு, பரீட்சையில் தேறினால் மாத்திரம் போதாது. அதன் 8 பிரிவுகளில் இரண்டிலாவது மொத்தம் 5 வருஷம் வேலை பார்த்த அநுபவம் வேண்டும். கம்ப்யூட்டர் அல்லது அதைச் சேர்ந்த துறையில் பட்டம் பெற்றவனுக்கு ஒரு வருஷம் தள்ளிக் கொடுக்கின்றார்கள். அநுபவமில்லாமல் தேறினவன் "அசோசியேட்" என்ற பெயரோடு நின்று, 6 வருஷத்திற்குள் அநுபவத்தைச் சம்பாதித்துக் காட்டவேண்டும். அப்படியிருக்க, "மூன்றே மாதத்தில் பாதுகாப்பு நிபுணர் ஆகலாம்" என்று ஒருவர் விளம்பரம் செய்தால் அதை என்னவென்று சொல்லுவது?

இங்கே ஒரு சங்கதியை ஜாக்கிரதையாய்க் கவனிக்க வேண்டும். அமேசான் கம்பெனி தனது கிளவுட் பரீட்சைகளில், கீழ்ப்படி தேறித்தான் மேல்படி எழுதலாம் என்றிருந்த விதியை 2018-இல் எடுத்துவிட்டது. சிஸ்கோவும் 2020-இல் அவ்விதமே செய்தது. இது ஏற்கனவே தொழில் தெரிந்தவனுக்கு அனுகூலமான ஏற்பாடு. இதைக் காட்டிப் புதிதாய் வந்த பையனை நேரே மேல்பரீட்சைக்கு அழைத்துப் பெருந்தொகை வாங்குவது, மாடிக்குக் கதவு திறந்திருக்கின்றது, ஏணி எதற்கு என்று கேட்பது போலாகும்.

மற்றொரு மோசம், "டம்ப்" என்று சொல்லப்படும் திருட்டுக் கேள்வித்தாள்களை மனப்பாடம் செய்வது. பொருள் தெரியாமல் மந்திரம் ஒப்பிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கண்டுபிடித்தால் பத்திரத்தை ரத்து செய்வார்கள். கண்டுபிடிக்காவிட்டாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். 1990-களிலேயே மைக்ரோசாப்டின் எம்.சி.எஸ்.இ. பத்திரத்தை இப்படி வாங்கி, வேலை தெரியாமல் விழித்தவர்களுக்கு அமெரிக்காவில் "காகித எம்.சி.எஸ்.இ." என்று பரிகாசப் பெயர் வைத்தார்கள். ரெட் ஹாட் பரீட்சையில் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே கிடையாது. மெஷினைக் கொடுத்து வேலையை முடித்துக்காட்டு என்கின்றார்கள். அங்கே மனப்பாடம் என்ன செய்யும்?

அந்த எம்.சி.எஸ்.இ. பட்டத்தையே மைக்ரோசாப்ட் 2021 ஜனவரி 31-ந் தேதியோடு நிறுத்திவிட்டது. பத்திரங்களின் பெயர் மாறும். கம்பெனிகளின் பாடம் மாறும். ஆனால் 1981-இல் எழுதப்பட்ட ஐ.பி. விதிகளின்படி இன்றும் உலகத்துச் செய்திகள் போய் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு செய்தி இங்கிருந்து அங்கு எப்படிப் போகின்றது, ஒரு பெயரை எழுதினால் அந்த மெஷினின் விலாசம் எப்படிக் கிடைக்கின்றது, ஒரு கோப்பை யார் திறக்கலாம் யார் திறக்கக்கூடாது என்பது எப்படி வகுக்கப்படுகின்றது என்று காரண காரியத்தோடு அறிந்தவனுக்கு எந்தப் புதுப் பரீட்சையும் மலையல்ல.

ஆகவே நமது இளைஞர்களுக்கு நாம் சொல்லும் யோசனை இது. முதலில் எந்த வேலைக்குப் போக விருப்பம் என்று தீர்மானியுங்கள். பிறகு அந்த வேலைக்கு வரும் விளம்பரங்கள் ஐம்பதைப் படித்து, எந்தச் சர்ட்டிபிகேட்டின் பெயர் அதிகம் வருகின்றது என்று குறித்துக் கொள்ளுங்கள். அதற்குரிய பாடத்திட்டத்தைப் பரீட்சை நடத்துகிற கம்பெனியே இனாமாய் வெளியிட்டிருக்கும். ஒரு பழைய கம்ப்யூட்டர், காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ், சிஸ்கோ இலவசமாய்க் கொடுக்கும் பாக்கெட் டிரேசர் இவை போதும், வீட்டிலேயே பழகலாம். பரீட்சைகளைப் பெரும்பாலும் நம்மவர் இங்கிலீஷிலேயே எழுத வேண்டியிருப்பதால், அந்தப் பாஷையில் தொழில் புத்தகம் வாசித்துப் பழகுவதும் இதில் சேர்ந்ததே. முதல் வருஷத்தில் ஆரம்பப் பாடத்தை முடித்து ஒரு சிறு வேலையில் சேருங்கள். ஏ பிளஸ் பாடம் எல்லாருக்கும் வேண்டும். அதன் பத்திரத்தை உங்கள் ஊர் முதலாளிகள் கேட்காவிட்டால் கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள். இரண்டாவது வருஷத்தில் சி.சி.என்.ஏ. அல்லது ஆர்.எச்.சி.எஸ்.ஏ. போல ஒன்றைப் பிடியுங்கள். மேல்படியை மூன்று, நான்கு வருஷ அநுபவத்திற்குப் பின், சொந்தச் சம்பளத்திலிருந்து எழுதுங்கள். கட்டணம் பலவற்றுக்கு டாலரில். தவறினால் மறுபடியும் கட்டவேண்டும் என்பதையும், புதுப்பிக்கும் செலவையும் முன்னதாகவே கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் கட்டுமுன் அந்தக் கூடத்தில் நான்கு கேள்வி கேளுங்கள். பரீட்சைக் கட்டணம் இதில் சேர்ந்ததா? கையால் பழக மெஷின் உண்டா? போன வருஷம் படித்தவர்கள் எங்கே வேலை பார்க்கின்றார்கள், அவர்களோடு பேசலாமா? வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்று எழுதிக் கொடுப்பீர்களா? யோக்கியமாய்ச் சொல்லிக்கொடுப்பவர் இக்கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கேட்டதற்கு யார் கோபித்துக்கொள்ளுகின்றாரோ அவரிடத்தில் அடகுப் பணத்தைக் கொடுக்காமல் வீட்டுக்குத் திரும்புவதே புத்திசாலித்தனம் என்று சொல்லி இதை முடிக்கின்றோம்.