வயதுபோனவர்கள் புதுப்பாட்டுப் போடக்கூடாதா?

அயர்ன் மெய்டன் ரசிகர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் கட்சி பிரிய அதிக நேரம் எடுக்காது. எங்கட குழுவுக்குள்ளேயும் அதுதான் நடந்தது. ஒரு கட்சி சொல்லுது: "சென்ஜுட்சு சரியான இழுவை. பாடகர் புரூஸ் டிக்கின்சன் தனியச் செய்த த மான்ட்ரேக் ப்ரொஜெக்ட்டைக் கேளுங்கோ, அதிலதான் உயிர் இருக்கு." மற்றக் கட்சி: "ஸ்டீவ் ஹாரிஸின்ர பேஸ் கிற்றார் இல்லாட்டி என்ன மெய்டன்? தனி அல்பமெல்லாம் சும்மா பொழுதுபோக்கு." மூன்றாவதாக ஒருத்தர் இரண்டையும் கேட்காமலே, "1988ஓட எல்லாம் முடிஞ்சுது" என்று எழும்பிப் போய்விடுவார்.

முதல் இரண்டு கட்சியோடும் எங்களுக்குப் பெரிய கோபமில்லை. அவர்கள் கேட்டுவிட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். மூன்றாவது ஆளோடுதான் கதைக்கவேண்டிக் கிடக்கு.

குறைகளை முதலே ஒப்புக்கொள்ளுவோம். 2021இல் வந்த சென்ஜுட்சு 80 நிமிடத்தைத் தாண்டும் இரட்டை அல்பம். அதன் கடைசி மூன்று பாட்டுகளும் ஹாரிஸ் தனியே எழுதியவை, மூன்றுமே பத்து நிமிடத்துக்கு மேல். மெதுவான தொடக்கம், பிறகு வேகம், பிறகு திரும்பவும் அதே மெதுவான முடிவு என்ற அச்சு எங்களுக்கும் சில இடங்களில் அலுத்ததுதான். 2024இல் வந்த டிக்கின்சனின் அல்பம் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிறது. அதில் பாட்டுக்குப் பாட்டு நிறமும் மாறுகிறது.

ஆனால் "நீளம்" என்று குறை சொல்லுறவர்கள் ஒரு விசயத்தை மறக்கிறார்கள். 1984இல் வந்த பவர்ஸ்லேவ் அல்பத்தின் கடைசிப் பாட்டு 13 நிமிடத்துக்கு மேல். அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களும் இதே ஆட்கள்தான். அப்ப பிரச்சினை நீளமில்லை. பழைய பாட்டை நூறுதரம் கேட்டிருக்கிறோம், புதுசை ஒருதரம் கேட்டிருக்கிறோம், அதுவும் பாதியில் தள்ளிவிட்டு. அவ்வளவுதான்.

குழுவா பாடகரா என்ற சண்டைக்கும் வருவோம். இரண்டுக்கும் நடுவில் மதில் இருக்கிறமாதிரி நாங்கள் கதைக்கிறோம். ஆனால் பாட்டுகள் அந்த மதிலை எப்பவோ தாண்டிவிட்டன. பிரித்தானியத் தரவரிசையில் மெய்டன் முதலாமிடம் பிடித்த ஒரேயொரு தனிப்பாட்டு, டிக்கின்சன் 1989இல் ஒரு பேய்ப்படத்துக்காகத் தனியே செய்தது. ஹாரிஸ் அதைக் கேட்டுவிட்டுக் குழுவுக்கு எடுத்துக்கொண்டார். 2015இன் த புக் ஒஃப் சோல்ஸ் அல்பத்தின் முதல் பாட்டும் டிக்கின்சன் தன் தனி அல்பத்துக்காக எழுதி வைத்திருந்ததுதான். அதே பாட்டு வேறு உருவத்தில் மான்ட்ரேக் ப்ரொஜெக்ட்டில் திரும்பி வந்திருக்கு. எது குழுவின்ர, எது பாடகரின்ர என்று எப்படிப் பிரிக்கிறது?

1993இல் டிக்கின்சன் விலகிப் போனது துரோகம் என்று இன்றைக்கும் சொல்லுறவர்கள் இருக்கிறார்கள். அவர் வெளியில் நின்ற காலத்தில்தான் 1997இலும் 1998இலும் அவருடைய மிகக் கனமான இரண்டு தனி அல்பங்கள் வந்தன. இரண்டிலும் கிற்றார் வாசித்தவர், மெய்டனை விட்டு முதலே போயிருந்த ஏட்ரியன் ஸ்மித். 1999இல் இரண்டு பேரும் ஒன்றாகக் குழுவுக்குத் திரும்பினார்கள், அடுத்த வருடம் பிரேவ் நியூ வேர்ல்ட் வந்தது. வெளியில் போய் வேறு காற்றைச் சுவாசித்துவிட்டு வந்தவர்கள் செய்த அல்பம் அது. தனி வேலை குழுவைக் கெடுக்கும் என்ற கதை இங்கே அடிபட்டுப்போகுது.

இனி அந்த மூன்றாவது ஆளுக்கு.

த புக் ஒஃப் சோல்ஸ் ஒலிப்பதிவு முடிந்த பிறகுதான் டிக்கின்சனுக்கு நாக்கின் அடியில் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை எடுத்து, குரலை மீட்டு, திரும்ப மேடை ஏறினார். ட்ரம்ஸ் வாசித்த நிக்கோ மக்பிரெய்ன் 2023 தொடக்கத்தில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். அதே வருடமே சுற்றுப்பயணம் வந்து, 2024 கடைசியில் மேடையிலிருந்து ஓய்வெடுத்தார். அந்தப் பயணத்தில் சென்ஜுட்சுவிலிருந்து ஐந்து பாட்டுகளைத் துணிந்து வாசித்தார்கள். பழைய வெற்றிப் பாட்டுகளை மட்டும் வாசித்துக் காசு பார்க்கிறது எவ்வளவு லேசு!

2025இல் தொடங்கிய ஐம்பதாம் ஆண்டுப் பயணத்தில் முதல் ஒன்பது அல்பப் பாட்டுகள் மட்டும்தான். 1992க்குப் பிறகு வந்த ஒன்றுமே இல்லை. பிறந்தநாள் கொண்டாட்டம், அது நியாயம். ஆனால் கொண்டாட்டமே சட்டமாகிவிடக்கூடாது. கூட்டம் பழசுக்கு மட்டும்தான் கத்தும் என்றால் எந்தக் கலைஞரும் ஒரு கட்டத்தில் புதுசு செய்யிறதை விட்டுவிடுவார். பிறகு மிஞ்சுவது அருங்காட்சியகம்தான்.

எங்களைப் பாருங்கோ. எங்களில் கனபேர் 1992க்குப் பிறகு பிறந்த ஆட்கள். "அந்தக் காலம்" என்று நாங்கள் ஏங்குவது எங்கட காலத்துக்கே இல்லை, ஆரோ ஒருவரின் இளமைக்கு. எங்கட காலத்தில் வந்த மெய்டன், சென்ஜுட்சுதான். எங்கட காலத்து டிக்கின்சன், 65 வயதில் மான்ட்ரேக்கைத் தந்த ஆள்தான். பிடிக்காமல் போகலாம், அது உரிமை. ஆனால் கேட்காமலே தள்ளினால், எங்களுக்கென்று வந்த ஒன்றை நாங்களே திருப்பி அனுப்புகிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இரண்டு அல்பத்தையும் ஒருதரம், தள்ளாமல், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கோ. பிறகு வாங்கோ, சண்டை பிடிப்பம்.