காகிதத்திற்கு விலை கருப்பையா?

சுவீடன் என்றால் முதலாளிப் பத்திரிகைகளுக்கு ஒரே புகழ்ச்சி! பிரசவத்திற்கு உதவி, நோய்க்கு வைத்தியம், முதுமைக்குப் பென்ஷன், சுபிட்ச நாடு என்று அளக்கிறார்கள். அந்தச் சுபிட்ச நாட்டின் சர்க்கார், தன் பிரஜைகளில் ஒரு பகுதியினரிடம் 40 வருஷ காலம் நடத்திய பேரத்தை எத்தனை பேர் அறிவீர்கள்?

பிறப்பில் எழுதப்பட்ட பாலைச் சட்டப்படி மாற்றிக்கொள்ள 1972-ல் சுவீடன் வழி செய்தது. உலகிலேயே முதல் சட்டம் என்று பெயர். ஆனால் நிபந்தனை என்ன? மனுச் செய்பவர் கல்யாணமாகாதவராக இருக்க வேண்டும். பிள்ளை பெறும் சக்தியை இழந்தவராக இருக்க வேண்டும். திருநங்கையானாலும் திருநம்பியானாலும், முதலில் கத்தி, பிறகுதான் காகிதம்! ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்திலும் சேராதவருக்கோ கட்டமே கிடையாது.

யாரையும் கையைக் கட்டி இழுத்துப் போகவில்லையே, அவரவர் கையெழுத்திட்டார்களே என்று வாதிப்போர் உண்டு. தோழர்களே, கையெழுத்தைப் பற்றி நமக்கா பாடம்? பட்டினியோடு ஆலை வாசலில் நிற்பவன் போடும் கையெழுத்தும், பண்ணையார் நீட்டிய பத்திரத்தில் வைத்த கைநாட்டும் சம்மதமாகுமா? முகம் ஒன்றும் காகிதம் ஒன்றுமாக இருப்பவர் வேலை கேட்கும் இடத்திலும் வீடு கேட்கும் இடத்திலும் தினம் தினம் விளக்கம் சொல்ல வேண்டும். அந்த நெருக்கடியைக் காட்டி வாங்கியதுதான் அந்தக் கையெழுத்து.

இது திருநர் பாடு, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். இதே கத்தி முதலில் இறங்கியது ஏழைகள் மேல்! 1934-ல் வந்த சட்டத்தில் தொடங்கி 1975 வரை சுமார் 63,000 பேருக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தது சுவீடன். மிகப் பெரும்பாலோர் பெண்கள். புத்தி மந்தம் என்றார்கள், ஒழுங்கற்ற வாழ்க்கை என்றார்கள். விடுதியிலிருந்து வெளியே போக வேண்டுமா, ஆபரேஷனுக்குச் சம்மதி என்றார்கள். 1976-ல் நம் நாட்டிலும் அவசர நிலையின் பெயரால் ஏழைகளை முகாமுக்கு ஓட்டிச் சென்றதை மறந்துவிட்டோமா?

2012 டிசம்பரில் ஸ்டாக்ஹோம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்றது. 2013-ல் அது ஒழிந்தது. 2018-ல் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. ஆளுக்கு 2 லட்சத்து 25 ஆயிரம் குரோனர். பிரான்சின் இதே போன்ற நிபந்தனையை 2017-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கண்டித்தது. ஜப்பான் உச்சநீதிமன்றம் அந்நாட்டின் நிபந்தனையை 2023 அக்டோபரில்தான் தள்ளியது.

பணம் வந்தது, பயம் போயிற்றா? எந்த ஆஸ்பத்திரி மேஜையில் உரிமை பறிபோயிற்றோ, அதே போன்ற மேஜையில் படுத்துக்கொள் என்றால் எவருக்குத்தான் உடல் நடுங்காது? பெண்ணாக எழுதப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிக்குக் கருப்பை இருக்கலாம். கருப்பை வாயில் புற்றுநோய் வரலாம். ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டால் கர்ப்பம் தரிக்காது என்று நம்புவதும் தவறு, தரிக்கலாம். ஆக, அவருக்கு வைத்தியம் வேண்டும். ஆனால் மீசை வைத்தவரை மகளிர் பிரிவில் உட்கார வைத்து, பழைய பெயரை உரக்கக் கூவி, வேடிக்கை பார்க்க நாலு பேரையும் கூட்டி வைத்தால் அவர் மறுபடி வருவாரா? நோய் முற்றித்தான் வருவார்.

காயம்பட்டவர் என்று அறிந்து செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. அதில் மாயமில்லை. அவர் சொல்லும் பெயரால் அழைப்பது. தொடுமுன் என்ன செய்யப் போகிறோம், ஏன் என்று சொல்வது. உடலின் உறுப்பை எந்தச் சொல்லால் குறிக்கலாம் என்று அவரையே கேட்பது. துணைக்கு ஒருவரை உள்ளே விடுவது. 'நிறுத்து' என்றால் கையை எடுத்துவிடுவது, முகம் சுளிக்காமல்! புற்றுநோய் வைரஸ் சோதனைக்கு மாதிரியைத் தாமே எடுத்துக் கொடுக்கும் முறையும் இருக்கிறது; அதை அவருக்குச் சொல்ல வேண்டும். குழந்தை வேண்டும் என்பவருக்கு, சிகிச்சை தொடங்குமுன்பே கருமுட்டையையோ விந்தையோ சேமிக்கும் வழியைச் சொல்ல வேண்டும்.

நேரமில்லை என்பார்கள். வரிசையில் நூறு பேரை நிறுத்திவிட்டு ஒரே ஒரு நர்ஸை வைத்தால் யாருக்குத்தான் நேரம் இருக்கும்? கத்தி வைக்க 40 வருஷம் டாக்டரும் குமாஸ்தாவும் கிடைத்தார்களே! கேட்டுச் செய்யும் வைத்தியத்திற்கும் ஆட்களை நியமிக்கட்டும், சம்பளம் கொடுக்கட்டும்.