பத்தியம் சொல்ல ஆள் எங்கே?

கொத்து வேலை செய்யும் தோழர் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று அரசு மருத்துவமனையிலே சொல்கிறார்கள். மாத்திரையும் தருகிறார்கள், காசு வாங்காமலே தருகிறார்கள். மகிழ்ச்சி! கூடவே ஒரு வார்த்தை: "சோற்றைக் குறைத்துக் கொள்ளுங்கள்."

சோற்றைக் குறைத்துவிட்டு அவர் எதைத் தின்பது? காலையில் சாரம் ஏறி மாலையில் இறங்குகிறவர். வீட்டிலே இருப்பது நியாயவிலைக் கடை அரிசி. அதை எவ்வளவு வடிப்பது, எத்தனை வேளையாகப் பிரிப்பது, பருப்பையும் காயையும் எந்த அளவிலே சேர்ப்பது? டாக்டரைக் கேட்கலாமென்றால், வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. பயந்துபோன தோழர் பாதிப் பட்டினி கிடக்கிறார். சில மாத்திரைகளை விழுங்கிவிட்டுப் பட்டினி கிடந்தால், இரத்தத்திலே சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயக்கம் வரும். தரையிலே நிற்பவனுக்கு வரும் மயக்கம் வேறு. மூன்றாம் மாடிச் சாரத்திலே நிற்பவனுக்கு வரும் மயக்கம் வேறு!

இது ஒருவர் கதையன்று. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டிலே சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழ 10 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. பணக்காரர் நோய் என்றிருந்தது, பாட்டாளியின் குடிசைக்குள்ளும் புகுந்துவிட்டது.

வேளைக்கும் வேலைக்கும் வருவாய்க்கும் ஏற்ப உணவை வகுத்துத் தருவதற்கென்றே ஒரு படிப்பு உண்டு. படித்தவரை டயட்டீஷியன் என்கிறார்கள். நம் கல்லூரிகளிலே அந்தப் படிப்பு நெடுங்காலம் 'மனையியல்' என்ற பெயருக்குள் ஒடுங்கிக் கிடந்தது. மனையியலாம்! மணமகளுக்குச் சமையல் கற்பிக்கும் வகுப்பு என்று எண்ணி எத்தனை தகப்பன்மார் ஏளனம் செய்தார்கள்! உள்ளே இருப்பதோ உயிர்வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல். சிறுநீரகம் பழுதுபட்டவருக்குக் கீரையையும் காயையும் நறுக்கி வேகவைத்து நீரை வடித்துத் தரவேண்டும், பொட்டாசியம் குறையும் என்று சொல்வது இந்தப் படிப்பு. டயாலிசிஸ் தொடங்குமுன் புரதத்தைக் குறை, தொடங்கியபின் கூட்டு என்று கணக்கிட்டுச் சொல்வதும் இதே படிப்புதான்.

இந்த அறிவு வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான ஆடம்பரமுமன்று. 1918-ல் நம் குன்னூரிலே, பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அரிசியைப் பளபளவென்று தீட்டித் தவிட்டை நீக்கும்போது தயமின் என்ற உயிர்ச்சத்தும் போய்விடுகிறது. அந்த நோய்க்கு அதுதான் காரணம். நெல்லைப் புழுக்கிக் குத்தும்போது அந்தச் சத்திலே பெரும்பகுதி அரிசியிலேயே தங்குகிறது. புழுங்கல் சோறு உண்ட உழவனை ஏளனம் செய்தவர்கள் இதை அறிவார்களா? அந்த ஓரறை ஆராய்ச்சிதான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

சரி, நம் வீட்டுப் பிள்ளை இதைப் படிக்க முடியுமா? இளநிலைப் பட்டம் மூன்று ஆண்டு. முதுநிலை இரண்டு ஆண்டு. அதற்குமேல் மருத்துவமனையிலே ஆறு மாதப் பயிற்சி. பிறகு இந்திய உணவியல் சங்கத்தின் தேர்வு. தேறினால்தான் 'பதிவு பெற்ற டயட்டீஷியன்'. கூட்டிப் பாருங்கள்: ஐந்தரை ஆண்டு! டாக்டராவதற்கும் அதே ஐந்தரை ஆண்டுதான்.

இங்கேதான் கதவு சாத்தப்படுகிறது. பயிற்சி டாக்டருக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. இருக்கட்டும், அதற்காகப் போராடியே பெற்றார்கள். நோயாளியின் படுக்கையருகே நின்று உணவுக் கணக்கெழுதும் பயிற்சி டயட்டீஷியனுக்கோ பல இடங்களிலே ஒரு காசும் இல்லை. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய், இளநிலைப் பட்டத்தோடு முடிந்துவிடுகிறது. நகரத்திலே விடுதிக் கட்டணம் கட்டி, ஊதியமின்றி ஆறு மாதம் உழைக்க எந்தத் தொழிலாளியின் மகளால் முடியும்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பயிற்சியை முடித்துத் தனியார் மருத்துவமனைக்குப் போகிறது. கேழ்வரகுக் கூழின் அளவும் தெரிந்து, கூலிக்காரன் அடுப்பும் அறிந்த பெண், பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுத் துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள்.

அந்த இடைவெளியிலே நுழைகிறவன் யார்? டப்பாவிலே மாவை அடைத்து, "ஒரே மாதத்தில் சர்க்கரை ஓடிவிடும்" என்று கைப்பேசியிலே கூவுகிறவன்! பிரிட்டனில் பதிவு செய்யாதவர் 'டயட்டீஷியன்' என்று பெயர் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். இங்கும் 2021-ல் ஒன்றிய அரசு துணை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தை இயற்றி, இந்தத் தொழிலையும் அதில் சேர்த்தது. பதிவேடு வரட்டும், வேண்டுமென்கிறோம். ஆனால் பயிற்சிக்கு உதவித்தொகை இல்லாமல் பதிவேடு மட்டும் வந்தால், அதிலே யாருடைய பெயர்கள் இருக்கும்?

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மாத்திரை வந்த வழியிலே உணவு அறிவுரையும் வரவேண்டாமா? வட்ட மருத்துவமனைதோறும் ஒரு டயட்டீஷியன் பணியிடம். பயிற்சிக் காலம் ஆறு மாதத்துக்கும் உதவித்தொகை. தொழிற்சங்க மாநாடுகளிலே கூலியுயர்வுத் தீர்மானத்துக்குப் பக்கத்திலேயே இவ்விரண்டையும் வையுங்கள்.

அதுவரை ஒரு வேலை உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் நம் படிப்பகங்களிலே கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் தோழர்கள், வேதியியலும் உயிரியலும் படித்த பிள்ளைகளிடம் இந்தப் படிப்பின் பெயரையும் சொல்லட்டும். மகளிடம் மட்டுமல்ல, மகனிடமும்.