செருப்பு எறிந்த கதை

புதிய இயந்திரமோ மென்பொருளோ வரும்போது நடத்தப்படும் பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதை தப்பாமல் வந்துவிடும். "இயந்திரத்தைக் கண்டு மிரண்ட பிரெஞ்சுத் தொழிலாளிகள், காலில் கிடந்த ‘சபோ’ என்ற மரச்செருப்பைக் கழற்றி அதற்குள் எறிந்தார்கள். அப்படித்தான் ஆங்கிலத்துக்கு, நாசவேலையைக் குறிக்கும் ‘சபோட்டாஜ்’ கிடைத்தது. ஆகவே மாற்றத்துக்கு அஞ்சாதீர்கள்!" கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கதை பொய்.

ஒன்று: எந்த ஊர், எந்த ஆலை, எந்த ஆண்டு? ஒருவர் லியோன் என்கிறார், இன்னொருவர் ஹாலந்து என்கிறார். 1991இல் வந்த ஆறாவது ‘ஸ்டார் ட்ரெக்’ படத்திலும் இந்தக் கதை உண்டு. சினிமா வசனம் சரித்திரம் ஆகாது.

இரண்டு: இயந்திரத்தை உடைத்தவர்கள் இருந்தார்கள். 1811இல் நாட்டிங்ஹாம்ஷயரில் கிளம்பிய லுட்டைட்டுகள் அவர்கள். ஆனால் அவர்கள் ஆங்கிலேயர்கள், எடுத்தது செருப்பல்ல, சம்மட்டி.

மூன்றாவதுதான் முக்கியம். சொல்லுக்கு வேர் மரச்செருப்புதான். ஆனால் யாரும் அதை எறியவில்லை. ‘சபோத்தே’ என்றால் மரச்செருப்போடு தடதடவென்று நடப்பது. அதிலிருந்து, வேலையை ஏனோதானோவென்று செய்வது என்ற பொருளும் வந்தது. அதைப் போராட்ட முறையின் பெயராக்கியது 1897இல் துலூஸில் கூடிய பிரெஞ்சுத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் மாநாடு. முன்னின்றவர் தொழிற்சங்கவாதி எமில் பூஜே. அவர் காட்டிய முன்மாதிரி கிளாஸ்கோ துறைமுகம். 1889இல் அங்கே கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் தோற்றார்கள். அவர்களுக்குப் பதிலாக வந்த பண்ணையாட்கள் கப்பலில் நிற்கவே தடுமாறி, சரக்கை நழுவவிட்டார்கள். முதலாளிகளோ அந்த வேலையே போதும் என்றார்கள். சங்கச் செயலாளர், "திரும்பிப் போங்கள். அவர்கள் செய்த மாதிரியே செய்யுங்கள்" என்றார். சில நாட்களிலேயே முதலாளிகள் இறங்கிவந்து, கேட்ட கூலியைக் கொடுத்தார்கள் என்கிறார் பூஜே.

இதில் செருப்பு எங்கே, உடைந்த இயந்திரம் எங்கே? 1910இல் நடந்த பிரெஞ்சு ரயில்வே வேலைநிறுத்தத்தை ஒட்டித்தான் இந்தச் சொல் ஆங்கிலத்தில் பரவியது. அதுவும் கூலித் தகராறுதான். முதல் ஆலைகளின் காலத்திலேயே பிறந்த சொல் என்றால் ஆங்கிலத்துக்கு வர இத்தனை காலம் ஏன்?

கூலிக்கு ஏற்ற வேலை என்று கணக்குப் போட்டுச் செயல்பட்டவர்களை, புதியதைக் கண்டு மிரண்ட அப்பாவிகளாக மேடைதோறும் காட்டுகிறார்கள். சம்பளம் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே இந்தக் கதை சொல்லப்படுவது தற்செயல் என்று நான் நம்பவில்லை.