பெருந்தொற்றுக் காலத்தில் அவசரம் யாருக்கு?

1971ஆம் ஆண்டு. வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகள், மேற்கு வங்கத்தின் பங்கான் முகாமில் காலராவுக்குப் பலியாகிக் கொண்டிருந்தனர். கொல்கத்தாவிலிருந்து சென்ற மருத்துவர் திலீப் மஹலனாபிஸிடம் நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த நீரை அவர் வாய்வழியே புகட்டச் செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம் 3.6 சதவீதமாகக் குறைந்தது. அக்கரைசல் டாக்காவிலும் கொல்கத்தாவிலும் நோயாளிகளிடம் முன்பே சோதிக்கப்பட்டிருந்தது. முகாம் அனுபவம் குறித்த அவரது கட்டுரையோ 1973இல்தான் அச்சேறியது. மக்களின் உயிர் முதலில், கட்டுரை பிறகு என்பதே அன்றைய வரிசை.

கொரோனா காலத்தில் இந்த வரிசை தலைகீழானது. வெறும் 36 நோயாளிகளை வைத்து ஹைட்ராக்சிகுளோரோகுயின் பலனளிக்கிறது என்று கூறிய பிரெஞ்சு ஆய்வு, 2020 மார்ச் 20 அன்று வெளியானது. அடுத்த சில நாட்களிலேயே, முறையான மனிதச் சோதனை எதுவும் கைவசம் இல்லாதபோதே, சுகாதார ஊழியர்களுக்கு அம்மாத்திரையைத் தடுப்பு மருந்தாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் பரிந்துரைத்தது. கடைகளில் மாத்திரை மாயமாகி, அதையே நம்பியிருந்த லூபஸ், முடக்குவாத நோயாளிகள் அலைக்கழிக்கப்பட்டனர். அந்த பிரெஞ்சுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது 2024 டிசம்பரில்!

எதிர்த்திசையிலும் இதே தவறு நேர்ந்தது. அம்மருந்து உயிரைப் பறிக்கிறது என்று 96,000 நோயாளிகளின் தரவுகளைக் காட்டி 2020 மே 22 அன்று 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அம்மருந்துக்கான பிரிவையே தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. தரவுகளைத் திரட்டியதாகச் சொன்ன சர்ஜிஸ்பியர் என்ற தனியார் நிறுவனம் அவற்றைச் சரிபார்ப்புக்குத் தர மறுத்ததால், இரண்டே வாரங்களில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தரவு தனிச்சொத்தாக இருக்கும்வரை அறிவியல் பொதுச்சொத்தாக இருக்க இயலாது.

வேகம் குற்றமல்ல. பிரிட்டனின் பொதுச் சுகாதார சேவை மருத்துவமனைகளில் நடந்த பெரும் சோதனை, இம்மருந்தால் பயனில்லை என்பதையும், மலிவான டெக்சாமெத்தசோன் உயிர் காக்கிறது என்பதையும் 2020 ஜூன் மாதத்திலேயே நிறுவியது. பொதுக் கட்டமைப்பு வலுவாக இருந்தால் வேகமும் நேர்மையும் ஒன்றுசேர முடியும்.

இங்கே நடந்தது என்ன? கோவாக்சின் தடுப்பூசியை ஆகஸ்ட் 15க்குள் வெளியிட வேண்டும் என 2020 ஜூலையில் கடிதம் பறந்தது. தேதியை நிர்ணயித்தது அறிவியல் அல்ல, கொடியேற்ற மேடை. கொல்கத்தாவின் பெலியாகாட்டாவில் உள்ள தேசிய காலரா ஆய்வு நிறுவனத்தில் தன்னார்வலர்கள் டிசம்பரில் ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கினர். அந்த மூன்றாம் கட்டச் சோதனையின் செயல்திறன் முடிவுகள் வருமுன்பே, 2021 ஜனவரி 3 அன்று அனுமதி வழங்கப்பட்டது. பின்னர் வந்த முடிவுகள் சாதகமாக இருந்தன என்பது உண்மையே. ஆனால் அது அனுமதித்தவர்களின் முன்னறிவு அல்ல. முடிவுகள் பாதகமாக இருந்திருந்தால் விலை கொடுத்திருப்பவர்கள் உழைக்கும் மக்களே.

அதே அரசு, கசப்பான உண்மைக்கு மட்டும் ஆமை வேகம் காட்டியது. பிளாஸ்மா சிகிச்சை மரணத்தைத் தடுக்கவில்லை என்று 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலே 2020இல் கண்டறிந்தது. எனினும் வழிகாட்டு நெறிகளிலிருந்து அச்சிகிச்சை நீக்கப்பட்டது 2021 மே 17 அன்றுதான். இரண்டாம் அலையில் எத்தனையோ குடும்பங்கள் பிளாஸ்மா கொடையாளரைத் தேடி அலைந்த பிறகு!

எனவே கேள்வி வேகமா நிதானமா என்பதல்ல. யாருடைய நலனுக்கான வேகம் என்பதே. மருத்துவச் சோதனைகளின் முழுத் தரவுகளும், தோல்வியுற்ற முடிவுகள் உட்பட, மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். ஆராய்ச்சி அமைப்புகள் அமைச்சகங்களின் விளம்பரப் பிரிவுகளாக மாற்றப்படக் கூடாது. பிரபுல்ல சந்திர ராய் கொல்கத்தாவில் நிறுவிய பெங்கால் கெமிக்கல்ஸ் போன்ற பொதுத்துறை மருந்து நிறுவனங்கள் விற்கப்படாமல் வலுப்படுத்தப்பட வேண்டும். அடுத்த தொற்று வரும்வரை காத்திராமல் இன்றே இக்கோரிக்கைகளை மக்களிடம் கொண்டு செல்வது இடதுசாரி இயக்கத்தின் கடமையாகும்.