மிதிவண்டிக்கும் ஓர் இடம்

நுழையுமுன்

பெருநகரங்களில் வாழ்வோர் பலருக்கு வீடு ஓரிடம், பணி வேறிடம். இடையிலுள்ள நெடுந்தொலைவை மிதிவண்டியில் கடக்க இயலுமா? அவ்வாறு கடப்பவர்களை நாம் எவ்வாறு மதிக்கிறோம்? தில்லியில் வாழும் தமிழர் ஒருவர் தம் கருத்தை இப்பாடத்தில் எடுத்துரைக்கிறார்.

தில்லியின் கிழக்கே மயூர் விகாரில் எங்கள் வீடு உள்ளது. என் அலுவலகமோ தென்மேற்கே ஆர்.கே.புரத்தில் உள்ளது. இடையே யமுனை ஆறும் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் சாலையும் இருக்கின்றன. சென்ற ஆண்டு பிப்ரவரித் திங்களில், இத்தொலைவை மிதிவண்டியில் கடப்பதென முடிவு செய்தேன். நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் உடலுக்கு உழைப்பு வேண்டும் என்று மருத்துவர் கூறியதே அதற்குக் காரணம். செய்தியறிந்த நண்பர்கள், “அவ்வளவு தொலைவா! உங்களுக்குத் துணிச்சல் மிகுதி” என்று வியந்தனர்.

வியக்காதவர் ஒருவரே. அவர் எங்கள் அலுவலகத் தோட்டப் பணியாளர். காஜியாபாத்தை அடுத்த சிற்றூரிலிருந்து பல ஆண்டுகளாக நாள்தோறும் மிதிவண்டியிலேயே வந்து செல்பவர். என் புதிய வண்டியைச் சுற்றிப் பார்த்த அவர், “பாபுஜி, முதலில் இருக்கையை உயர்த்துங்கள். இப்படியே ஓட்டினால் ஒரு வாரத்தில் முழங்கால் வலிக்கும்” என்றார். மிதிகட்டை கீழே வரும்பொழுது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும் அளவே சரியான உயரம் என்பதை அன்று அறிந்தேன்.

நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணத்திற்குத் துணிச்சலைவிட ஆயத்தமே முதன்மையானது என்பது என் கருத்து. வாகன நெரிசல் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முழு வழியையும் ஒருமுறை சென்று பார்த்தேன். எந்தச் சந்திப்பில் நெரிசல் மிகும், எங்கே நீர் கிடைக்கும், எங்கே பஞ்சர் ஒட்டும் கடை உள்ளது என்பவற்றைக் குறித்துக்கொண்டேன். முதல் வாரம் இரண்டு நாள் மட்டுமே சென்றேன். அடுத்த வாரம் மூன்று நாள். உடல் பழகிய பின்னரே ஐந்து நாளும் செல்லத் தொடங்கினேன். மணிக்கு 14 கிலோமீட்டர் என்னும் மிதமான வேகத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. மெட்ரோ இரயில் இதைவிட விரைவானது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

பாதுகாப்பிற்கென நான் கடைப்பிடிக்கும் விதிகள் எளியவை. தலைக்கவசம் இன்றி வண்டியில் ஏறுவதில்லை. முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். சக்கரத்தின் காற்றும் தடையும் புறப்படுமுன் சோதிக்கப்பட வேண்டும். நின்றிருக்கும் கார்களின் கதவு திடீரெனத் திறக்கக்கூடும். ஆதலின் அவற்றிலிருந்து ஒரு மீட்டராவது விலகிச் செல்ல வேண்டும். திரும்புமுன் கையால் குறிப்புக் காட்ட வேண்டும். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டுதல் கூடாது. மாற்றுடை ஒன்றும் நீர்க்குடுவையும் பையில் இருந்தால் அலுவலகத்தில் தூய்மையாக அமரலாம்.

எல்லா நாளும் மிதிவண்டிக்கு உகந்தவை அல்ல. மே, ஜூன் திங்களில் வெப்பம் 40 பாகையைக் கடக்கும்; அப்பொழுது விடியலிலேயே புறப்படுகிறேன். நவம்பரில் நகரைப் புகைமூட்டம் சூழும். காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டும் நாள்களில் மெட்ரோவில் செல்கிறேன். பிடிவாதத்தால் உடல்நலம் கெடுமாயின், உடல்நலத்திற்கென மேற்கொண்ட முயற்சிக்குப் பொருள் இராது.

இதில் மகிழ்ச்சியும் உண்டு. போகவர நாளொன்றுக்கு 34 கிலோமீட்டர். தில்லிக்கும் சென்னைக்கும் இடையேயுள்ள இரயில் தொலைவு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். 64 நாள் பணிக்குச் சென்றுவந்தால், ஊருக்குச் செல்லும் தொலைவை மிதித்து முடித்திருப்பேன்! என் மகள் சுவரிலுள்ள இந்திய வரைபடத்தில் நாள்தோறும் புள்ளி வைத்தாள். “அப்பா, நீங்கள் குவாலியரைக் கடந்துவிட்டீர்கள்” என்பாள். பிறகு ஜான்சி, போபால். கோடை விடுமுறையில் கண்ணயர்ந்தபடியே கடக்கும் ஊர்களின் தொலைவை அவளும் நானும் அப்பொழுதுதான் உணர்ந்தோம்.

வரைபடத்தில் நாகபுரியை அடைந்த வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். காலையில் நான் வாயிலை நெருங்கும்பொழுது காவலர் புன்னகையுடன் கதவைத் திறப்பார். கார்களின் அருகே நிழலில் என் வண்டியை நிறுத்த இடம் காட்டுவார். தோட்டப் பணியாளரின் வண்டியோ மதிற்சுவருக்கு வெளியே விளக்குக் கம்பத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தது. மழையில் நனைந்து அதன் இருக்கை கிழிந்திருந்தது. “ஏன் உள்ளே நிறுத்துவதில்லை, பையா?” என்று கேட்டேன். “எங்கள் வண்டிக்கு உள்ளே இடமில்லை, பாபுஜி” என்றார். என்னைவிட நெடுந்தொலைவு மிதித்து வருபவர் அவர். என்னைப் பாராட்டிய ஒருவரும் அவரைப் பாராட்டியதில்லை. நானும் அதுவரை கேட்டதில்லை என்பதை எண்ணி வெட்கினேன்.

விரும்பி மிதிப்பவரை வீரர் என்கிறோம். வேறு வழியின்றி மிதிப்பவரைக் காணாமலே கடந்து செல்கிறோம். இது முறையன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற பணிகளைச் செய்வோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் மிதிவண்டியிலேயே பணிக்குச் சென்றனர். கட்டடத் தொழிலாளர், காவலர், தோட்டப் பணியாளர் எனப் பலரும் இவர்களுள் அடங்குவர். இவர்கள் புகை எழுப்புவதில்லை. சாலையில் மிகுந்த இடத்தை அடைப்பதுமில்லை. ஆயினும் சாலை அமைக்கும்பொழுது இவர்களே இறுதியாக நினைக்கப்படுகின்றனர்.

தில்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 2008-இல் பேருந்துத் தனித்தடம் திறக்கப்பட்டது. அதனுடன் மிதிவண்டிக்கும் தனிப்பாதை இருந்தது. கார்களுக்கு நெரிசல் மிகுந்தது என்ற குறை எழுந்தது. 2016-இல் அத்தடம் அகற்றப்பட்டது. நிஜாமுதீன் பாலத்திலிருந்து உத்தரப்பிரதேச எல்லை வரை 2018-இல் திறக்கப்பட்ட விரைவுச்சாலையின் இருமருங்கிலும் மிதிவண்டிப் பாதை அமைக்கப்பட்டது. நான் நாள்தோறும் அவ்வழியே செல்கிறேன். அதில் விரைவன பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்களே. பாதை அமைத்தால் மட்டும் போதாது. அதை மிதிவண்டிக்கே உரியதாகக் காத்தலும் வேண்டும்.

“ஏழைகளின் ஊர்திக்கு ஏன் இத்துணை இடம்?” எனச் சிலர் வினவலாம். மிதிவண்டி மாந்தரின் வாழ்வை விரிவாக்கிய வரலாற்றை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுடன் மிதிவண்டி ஓட்டவும் பெண்களை ஊக்கியது. பீகார் அரசு 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பிறர் துணையை எதிர்பாராமல் பள்ளிக்கும் பணிக்கும் செல்லும் உரிமையை அவ்வண்டிகள் தந்தன. அவ்வுரிமை தரும் ஊர்திக்குச் சாலையில் ஓரிடம் கேட்பது சலுகை ஆகாது.

நானும் நண்பர்கள் சிலரும் அலுவலக மேலாளருக்கு விண்ணப்பம் எழுதினோம். முதலில் கையொப்பமிட்டவர் தோட்டப் பணியாளர். இரண்டு திங்களுக்குப் பின் வளாகத்தினுள் பத்து வண்டிகள் நிறுத்த இடம் ஒதுக்கப்பட்டது. கூரை இன்னும் போடப்படவில்லை. அதற்காக இரண்டாம் விண்ணப்பமும் எழுதியிருக்கிறோம்.

நீங்களும் ஒருநாள் மிதிவண்டியில் நெடுவழி செல்லத் தொடங்கலாம். அன்று உங்களுக்கு முன்னே பழைய வண்டியில் மெல்ல மிதித்துச் செல்பவரைக் காண்பீர்கள். அவ்வழியை உங்களினும் நன்கு அறிந்தவர் அவரே. அவருக்கு வணக்கம் சொல்லிச் செல்லுங்கள்.

சிந்தித்து எழுதுக

1. நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணத்திற்கு ஆசிரியர் மேற்கொண்ட ஆயத்தங்கள் யாவை?
2. ஆசிரியர் எதை எண்ணி வெட்கினார்? ஏன்?
3. உங்கள் பகுதியில் மிதிவண்டியில் பணிக்குச் செல்லும் ஒருவருடன் உரையாடி, அவர் எதிர்கொள்ளும் இடர்களைப் பத்து வரிகளில் எழுதுக.